முதல் மனைவிக்கு ஒரு பூசை

என் கணவருக்கு நான் இரண்டாம் மனைவி. முதல் மனைவி டெங்குக் காய்ச்சலில் இறந்து சில வருடங்கள் கழித்து எங்கள் கல்யாணம் நடந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் வருவதற்கு முன்பே அவளுடைய புடவைகளை மாமியார் எடுத்து உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். சுவரில் இருந்த படத்தையும் கிராமத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆணி அடித்த ஓட்டையைக்கூட யாரோ சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தார்கள். திருச்சியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் இருந்தவள் நான். வருகிற செய்தியில் என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, நிச்சயம் செய்த அன்று, வீட்டைச் சுற்றிப் பார்த்த அன்று, எல்லாம் பார்த்தேன். எதுவும் விடுபட்டதாகத் தெரியவில்லை. இறந்தவள் இறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அப்படி நினைக்க வைத்தது நான் வளர்ந்த சபை. பெரம்பலூரில் புராட்டஸ்டண்ட் குடும்பம் எங்களுடையது. எங்களில் ஒருவர் இறந்தால் பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, பாஸ்டர் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டவுடன் அவருக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிடும். அவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்திருக்கிறார். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எழுந்திருப்பார். அதுவரை அவரிடம் நமக்கு வேலை இல்லை, நம்மிடம் அவருக்கும் வேலை இல்லை. அப்பா இறந்து கொஞ்ச நாளில், வீட்டு ஜெபத்தில் அம்மா பழக்கதோஷத்தில் அப்பா பெயரைச் சொல்லி, அவருக்குச் சுகம் தாரும் என்று ஆரம்பித்துவிட்டார். பாதியில் நிறுத்திக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். செத்தவர்களுக்காக ஜெபிப்பது எங்களுக்குக் கூடாத காரியம். தீர்ப்பு ஆகிவிட்டது, இனி மனுப் போட முடியாது.

கணவர் வீட்டார் கத்தோலிக்கர்கள். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அவர்கள் ஊர். ஆயரிடம் அனுமதி வாங்கி அந்த ஊர்க் கோயிலில்தான் எங்கள் கல்யாணத்தை மந்திரித்தார்கள். அவர்கள் நம்பிக்கையில் இறந்தவர் உறங்குவதில்லை. பெரும்பாலானவர்கள் நேராக மோட்சத்துக்கும் போய்விடுவதில்லை. நடுவில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இருக்கிறது. செய்த சின்னப் பாவங்களின் கறை தீரும்வரை ஆத்துமா அங்கே இருக்கும். இங்கே இருப்பவர்கள் ஜெபித்தால், பூசை வைத்தால், அங்கே வேதனை குறையும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் தகவலாகத் தெரியும். கல்யாணமாகி வந்த பிறகுதான் அதன் பொருள் புரிந்தது. என் கணவரின் முதல் மனைவிக்கு என் கணவர் இன்னும் தேவைப்பட்டார்.

நாங்கள் இருப்பது பெரம்பலூரில். நான் அதே நாளிதழுக்கு மாவட்டச் செய்தியாளராக மாறி வந்துவிட்டேன். அவர் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபோர்மேன். பகல் ஷிப்ட் முடிந்து கண் இமையெல்லாம் சாம்பல் நிறமாக வருவார். குளித்துவிட்டு வந்து ஜெபமாலை எடுத்தால் எல்லா ஜெபத்தையும் கண்டக்டர் ஊர்ப் பெயர் கூவுகிற வேகத்தில் சொல்லி முடிப்பார். கடைசியில் இறந்தவர்களுக்கான ஜெபம். அங்கே அவளுடைய பெயர் வரும். அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பார். வேகம் குறையும். குரலும் இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்து இதை ஒவ்வொரு நாளும் கேட்டேன். எனக்காகவும் வேண்டிக்கொள்ளாமல் இல்லை. "குடும்பத்தில் உள்ள எல்லாரும்" என்பதில் நான் அடக்கம்.

ஒரு நாள் கேட்டேன். "ஏங்க, எம்பேரச் சொல்லவே மாட்டேங்கறீங்க?"

"நீதான் பக்கத்துலயே இருக்கியே," என்றார். அது சமாதானமாக இருக்கும் என்று நிஜமாகவே நம்பினார்.

மாமியாருக்கு மறுமையைப் பற்றி இவ்வளவு இழுபறி கிடையாது. அவருடைய மோட்சம் ஜெயங்கொண்டத்தில் ஒரு நல்ல வாடகை வீட்டைப் போல இருந்தது. தண்ணீர் வரும், வெயில் விழாது, சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். முதல் மருமகள் முன்னால் போனது அவருக்குத் துக்கம்தான். ஆனால் அதில் ஒரு வசதியும் இருந்தது.

"அவ போயி நல்ல வூடாப் புடிச்சு, கழுவி வுட்டு வச்சிருப்பா. நான் போனதும் காலை நீட்டி ஒக்காந்துக்கலாம்," என்பார் வெற்றிலையை மடித்தபடி.

"அங்கயும் மருமகதான் கழுவி வுடணுமா அத்தை?"

"பின்ன, மாமியாளா கழுவி வுடுவா?"

"அப்ப நான் வந்தா எனக்கு என்ன வேல?"

"நீ எங்கடி அங்க வரப்போற? ஒங்க சபைக்காரங்களுக்குத் தனித் தெரு இருக்குமோ என்னமோ. சாமியாரத்தான் கேக்கணும்." அவர் சிரித்துவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். மனதில் ஒன்றுமில்லாமல் சொன்னதுதான். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே ஆளை ஒரு பக்கம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வைத்து ஜெபிக்கிறார்கள், இன்னொரு பக்கம் மோட்சத்தில் வீடு பார்த்து வைத்திருக்கிறாள் என்கிறார்கள். என் மேசைக்கு இப்படி ஒரு செய்தி வந்திருந்தால் இரண்டில் ஒன்றை அடித்திருப்பேன். இரண்டுமே அவளுக்குச் சாதகமாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. ஸ்தலத்தில் இருந்தால் என் கணவர் அவளுக்காக வேண்ட வேண்டும். மோட்சத்தில் இருந்தால் அவள் அவருக்காகக் காத்திருக்கிறாள்.

கல்யாணமான வருடமே நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கி, வெள்ளையடித்து, செவ்வந்திப்பூ பரப்பி, மெழுகுவத்தி கொளுத்தி வைத்திருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசையாக வந்தார். அவளுடைய கல்லறையில் கறுப்புக் கிரானைட் பலகை. இடது பாதியில் அவள் பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும். வலது பாதி வெறுமையாகப் பளபளத்தது. பத்திரிகையில் இருந்தவர்களுக்குக் காலி இடம் கண்ணில் குத்தும். செய்தித்தாள் பக்கத்தில் பாதியை வேண்டுமென்றே விட்டிருந்தால் அங்கே ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். எது வரப்போகிறது என்று நான் யாரையும் கேட்கத் தேவையில்லை. அவள் இறந்தபோது பலகைக்குச் சொல்லிச் செய்தவர் என் கணவர்தான்.

காற்று அடித்தது. "கைய வச்சு மறைச்சுக்க, அணஞ்சிரப் போவுது," என்றார் மாமியார். அவளுடைய மெழுகுவத்திக்கு என் கையை அண்டைகொடுத்து, சாமியார் வந்து போகிறவரை குந்தியிருந்தேன்.

கல்லறைத் திருநாளை அடுத்து வரும் சனிக்கிழமை மாலைப் பூசையில் அவளுக்கு ஒரு பூசை வைப்பது கணவரின் வழக்கம். ஒரு வருடமும் விட்டதில்லை. பூசை வைப்பது என்றால், இன்னாருக்காக என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. பூசையில் சாமியார் அந்தப் பெயரை வாசிப்பார், கோயிலில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள்வார்கள். நான் சொல்லவரும் வருடத்தில் சாமியார் புதியவர். கோயில்பிள்ளையும் புதியவர். மணியடித்து, பீடம் துடைத்து, பூசைக்கு வரும் பெயர்களை வாங்கிச் சாமியாரிடம் கொடுப்பது கோயில்பிள்ளையின் பொறுப்பு. இவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்று, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஊரோடு வந்து சேர்ந்தவர்.

அந்த வாரம் கணவருக்கு ஆலையில் வேலை அதிகம். நேரில் போக முடியாமல் கோயில் நம்பருக்குப் போன் செய்து கோயில்பிள்ளையிடம் பேசினார். நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"அண்ணே, வழக்கம்போல எம்பொஞ்சாதி பேருக்கு சனிக்கிழம சாயங்காலப் பூசையில ஒன்னு சொல்லிருங்க."

வழக்கம் என்னவென்று தெரிந்த பழைய கோயில்பிள்ளை மகன் வீட்டோடு போய்விட்டார் என்பது என் கணவருக்கு நினைவில்லை. புதியவருக்குத் தெரிந்த மனைவி நான் ஒருத்திதான். எனக்கு உடம்புக்கு ஏதோ சுகமில்லை, அதற்காக வேண்டுதல் என்று அவர் நினைத்துக்கொண்டார். என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தேவையில்லை. செய்தித்தாளில் வருகிறவள் என்று ஊரில் எல்லாருக்கும் என் பெயர் தெரியும்.

சனிக்கிழமை நான் மட்டும் பஸ்ஸில் போனேன். ஷிப்ட் முடிந்து நேராக அங்கே வந்துவிடுவதாகக் கணவர் சொல்லியிருந்தார். பெண்கள் பக்கத்தில் மாமியாருக்கு அருகே பாயில் உட்கார்ந்தேன். நவம்பர் மாதத்தில் பூசையெல்லாம் இறந்தவர்களுக்குத்தான். ஊருக்குப் புதிதான சாமியார் தனக்கு வந்த பெயர்கள் அத்தனையையும் இறந்தோர் வரிசையிலேயே வாசித்தார். முதலில் யாரோ ஒரு முதியவர். பிறகு ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. அடுத்து என் கணவர் பெயரைச் சொல்லி, அன்னாரின் மனைவி என்றார். இவர்களுடைய ஆத்துமா நித்திய இளைப்பாற்றி அடைய மன்றாடுவோம் என்றார்.

வாய் பழகிய ஜனம். யார் எவர் என்று யோசிக்கவில்லை. கோயில் முழுவதும் ஒரே குரலில் எனக்காக மன்றாடியது. என் மாமியாரும் மன்றாடினார். ஆமென் சொல்லி வாயை மூடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"சாமி! அவ சாவலீங்க சாமி! இந்தா, எம்பக்கத்துல குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கா!"

கோயில் சிரிப்பில் குலுங்கியது. முன்னால் இருந்த ஒருத்தி திரும்பி என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்கம்மா இருக்கீங்க? எந்திரிங்க," என்றார். எழுந்து நின்றேன்.

"செத்தவங்க எந்திரிச்சு நின்னத இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்," என்றது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும் என்று கையை உயர்த்திச் சொல்லிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார்.

அபசகுனம் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்குப் பயமாக இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். அது எவ்வளவு சந்தோஷம் என்று அன்று என் முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்கு வருடாவருடம் கிடைத்தது எனக்கு ஒருமுறை முழுதாகக் கிடைத்தது. அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயர் வந்தது. அவருடைய மனைவி என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது அது நான்தான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் கோயில்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி. ஒங்களுக்குத்தான் ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சுட்டேன்."

"பரவால்லண்ணே."

மாமியார் விடவில்லை. "இத்தன வருஷம் பஸ்சுல இப்படித்தான் ஆளு மாத்தி டிக்கெட்டுக் கிழிச்சியாய்யா? ஏறாதவளப் போயி ஏத்தி வுட்டுட்டியே!" என்றவர், என் நெற்றியில் சிலுவை வரைந்தார். அதோடு நிற்காமல், "வா, வூட்டுக்குப் போயி உப்பு மொளகா சுத்திப் போடணும்," என்றார்.

அப்போதுதான் கணவரின் பைக் வந்து நின்றது. அவர் இறங்குவதற்குள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொன்னார்கள். முதலில் சிரித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப அவ பேரு வாசிக்கலியா?"

"இல்லப்பா," என்றார் கோயில்பிள்ளை.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். சிமெண்ட் தூள் கோடு கோடாக இழுபட்டது. "ஒரு வருஷம் வுட்டதில்லண்ணே," என்றார்.

"எனக்கு வாசிச்சாங்க," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்று புரியவில்லை, அவ்வளவுதான். "அதான் நீ நல்லாத்தான இருக்க," என்றார். அன்று இரவு மாமியார் வீட்டில் தங்கினோம். எனக்கு உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். படபடவென்று வெடித்தது. யார் கண் என்று மாமியார் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கண்ணே பொல்லாத கண் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் சாமியாரைப் பார்க்கப் போனோம். டெல்டா பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். கோயிலை ஒட்டி அவர் தங்கியிருக்கும் அறைவீட்டு வாசலில் நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார்.

கணவர் ஆலையில் சரக்கு மாறிப் போனதை விசாரிக்கிற குரலில் கேட்டார். "சாமி, நேத்து வச்ச பூச யாருக்குப் போயிச் சேந்துச்சு?"

"நீங்க யார நெனச்சுக் கேட்டீங்களோ அவங்களுக்குத்தான். நான் பேர மாத்தி வாசிச்சா ஆண்டவர் ஏமாந்துருவாரா?"

"அப்ப எனக்கு ஒன்னுமில்லயா பாதர்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒங்களுக்கு என்னம்மா அதுக்குள்ள அவசரம்?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கேள்வி கேட்பது என் தொழில். "அவங்க இன்னும் உத்தரிக்கிற ஸ்தலத்துலதான் இருக்காங்களா?"

"அது நமக்குத் தெரியாதும்மா."

"மோட்சத்துக்குப் போயிட்டா அப்புறம் பூசை தேவையில்ல, இல்லயா?"

"தேவையில்ல. அப்புறம் அவங்க நமக்காக வேண்டிக்குவாங்க."

"போயிட்டாங்கன்னு எப்பத் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் நாம நிறுத்தாம வேண்டிக்கிட்டிருக்கோம்."

கணவர் என்னைப் பார்த்தார், போதும் என்கிற மாதிரி. நான் நிறுத்தவில்லை. இரண்டு வருடமாகக் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்று மீதி இருந்தது. "அங்க போனா இவர் யார்கூட இருப்பாரு பாதர்?"

சாமியார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இதற்கு அவர் சிரிக்கவில்லை. "அங்க கல்யாணம்ங்கறதே கெடையாதும்மா. புருஷன் பொஞ்சாதிங்கற கட்டு சாவோட முடிஞ்சுது. முடியலேன்னா ஒங்க ரெண்டு பேருக்கும் எப்படி இங்க கல்யாணம் மந்திரிச்சிருக்க முடியும்? அவங்க இவருக்குப் பொஞ்சாதியா இருக்க மாட்டாங்க. நீங்களும் இருக்க மாட்டீங்க. எல்லாரும் ஆண்டவரப் பாத்துக்கிட்டிருப்போம்."

"ஒருத்தருக்கொருத்தர் அடையாளம் தெரியுமா?"

"தெரியும். இங்க தெரிஞ்சத விட நல்லாத் தெரியும்."

கேட்டதற்கு நேரான பதில்தான். அவள் மனைவி இல்லை என்றாகிவிட்டது. அதுதானே எனக்கு வேண்டியிருந்தது? ஆனால் அதே வாக்கியத்தில் நானும் இல்லை என்றாகிவிட்டது. என்னிடம் இப்போது இருப்பது சாவு வரைக்கும்தான். அவளிடமிருந்து பிடுங்கி என் கையில் கொடுப்பார்கள் என்று பார்த்தால், இருவரிடமிருந்தும் வாங்கி மேலே வைத்துவிட்டார்கள். அதோடு அந்த "நல்லாத் தெரியும்" வேறு. இங்கே அவரை என்னைவிட அவளுக்குத் தெரிந்த வருடங்கள் அதிகம். அங்கே அது இன்னும் நன்றாகத் தெரியுமாம்.

என் கணவருக்கு இந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. "அப்ப செய்ய வேண்டியதெல்லாம் இங்கயே செஞ்சிரணும்," என்றார். "வர்ற சனிக்கிழம அவ பேர வாசிச்சு ஒரு பூச வைங்க சாமி. எம்மனசு ஆறல."

சாமியார் சரி என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என்ன கண்டாரோ. "உயிரோட இருக்கறவங்களுக்கும் வைக்கலாம்மா. அன்னிக்கே ஒங்களுக்காகவும் வேண்டிக்குவோம். என்ன வேண்டணும்னு ரெண்டு பேரும் கலந்து பேசிட்டுச் சொல்லுங்க."

பைக்கில் பெரம்பலூர் திரும்பினோம். அரியலூரைத் தாண்டும்வரை முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள், வாயைத் திறக்க முடியாது. ஊரைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்.

"ஒனக்கு என்னன்னு வேண்டிக்கறது?" என்று கேட்டார். "ஒடம்பு சுகம்னு சொல்லிரலாமா?"

"அது எல்லாருக்கும் சொல்றது. எனக்குன்னு என்ன கேப்பீங்க?"

அவர் யோசித்தார். அவர் யோசிப்பது வெளியே தெரியும். கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். பிறகு சொன்னார். "ஒனக்கு முன்னாடி நான் போயிரணும். அதான் கேப்பேன். இன்னொரு தடவ குழியில மண்ணள்ளிப் போட என்னால ஆவாது."

இதற்கு மேல் ஒரு ஆண் தன் மனைவியிடம் என்ன சொல்ல முடியும்? ஆனால் அதைக் கேட்கும்போதே என் மனம் அடுத்த அடி வைத்துவிட்டது. இவர் முன்னால் போனால், நான் போய்ச் சேருகிற வரைக்கும் அங்கே யார் யார்?

"அப்ப நீங்க ரெண்டு பேரும் மொதல்ல சேந்துக்குவீங்க," என்றேன்.

அவர் கிளாஸை வைத்துவிட்டார். "அங்க கல்யாணமே இல்லன்னு இப்பத்தான சாமி சொன்னாரு!"

"நல்லாத் தெரியும்னும் சொன்னாருல்ல."

"சரி. அப்ப நீ மொதல்ல போறியா?"

"போனா? நானும் அவளும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒங்களுக்காக ஒக்காந்திருக்கணும்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். நாங்கள் எந்த ஊருக்குப் போவதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. "எங்கண்ணே போறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார். கணவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அளவாகத்தான் பேசிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை சாமியாரே போன் செய்தார். "என்னப்பா, ஒங்க வீட்டுக்காரம்மாவுக்கு என்ன வேண்டுதல் கருத்துன்னு சொல்லலியே?"

"நாங்க இன்னும் ஒரு முடிவுக்கு வரல சாமி," என்றார் கணவர்.

"சரி, நான் பாத்துக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை இருவரும் போனோம். இந்த முறை சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவள் பெயரைத் தெளிவாக, இரண்டு முறை வாசித்தார். பிழை திருத்தம் போடுகிற மாதிரி இருந்தது. அடுத்து எங்கள் இருவர் பெயரையும் சொன்னார். இந்தக் குடும்பத்தில் சமாதானம் நிலவ மன்றாடுவோம் என்றார்.

பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. போன வாரம் செத்தவள், இந்த வாரம் சண்டைக்காரி. மாமியார் என் விலாவில் இடித்தார்.

"என்னடி சண்ட? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"ஒன்னுமில்ல அத்தை."

"ஒன்னுமில்லாததையா சாமியாரு மைக்கு வச்சு ஊருக்கே சொல்றாரு? எந்தம்பி பொண்டாட்டி வேற வந்திருக்கா. எம்மானமே போச்சு."

பிறகு இறந்தவர்களை நினைத்து மௌனமாக வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஆண்கள் பக்கத்தில் தூண் அருகே என் கணவர் முழந்தாளில் இருந்தார். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. என்ன சொல்கிறது என்று அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரியும்.

நானும் முழந்தாளிட்டேன். அந்தக் கோயிலில் நான் முழந்தாளிட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் சபை கூடாது என்று சொன்னதைச் செய்தேன். இறந்த ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கடவுளிடம் கேட்டேன். இன்றைக்கே, இந்தப் பூசை முடிவதற்குள், அவளை மோட்சத்தில் சேர்த்துக்கொள்ளும் என்றேன். கறை ஏதும் மிச்சமிருந்தால் இப்போதே கழுவிவிடும். இவர் அவளுக்காகக் கேட்பதற்கு இனி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. எனக்காக நான் எதையும் அவ்வளவு உருகிக் கேட்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

வெளியே பைக்கை எடுக்கும்போது அவர் கேட்டார். "முட்டி போட்டு ஒக்காந்திருந்த. யாருக்கு வேண்டிக்கிட்ட?"

அவள் பெயரைச் சொன்னேன். "சீக்கிரமா மோட்சம் சேரணும்னு."

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். கண் கலங்கிவிட்டது. நடுவாசலில், நாலு பேர் பார்க்க, என் தோளில் கை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை. ஏன் வேண்டிக்கொண்டேன் என்று அவர் கேட்கவில்லை.

"நாளையிலேருந்து சாயங்கால ஜெபத்துல அவ பேர ரெண்டு பேருமாச் சேந்தே சொல்லுவோம்," என்றார்.

இப்போது சேர்ந்துதான் சொல்கிறோம். அந்தப் பெயர் வரும் இடத்தில் அவரோடு நானும் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது.